விசுவேசுவரய்யாவும் கண்ணம்பாடி அணையும்

விசுவேசுவரய்யா மைசூர் நாட்டின் முத்தனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். சிறுவர்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அவ்வருவாயால் பெங்களூரில் பயின்றார். புனேயில் பொறியியல் கற்றுப் பம்பாய் மாகாணத்தில் பணியாற்றிய அவர், 1909இல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளரானார்.

காவிரியின் சிவசமுத்திர அருவியில் 1902 முதல் மின்சாரம் எடுக்கப்பட்டு, கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டது. கோடையில் ஆறு மெலிந்தால் மின்னாக்கமும் குறையும். மழைக்கால நீரைத் தேக்கி ஆண்டு முழுவதும் சீராக விடவும், மண்டியா நிலங்களுக்குப் பாய்ச்சவும் கண்ணம்பாடியில் அணை கட்ட அவர் திட்டமிட்டார்.

சென்னை மாகாணம் அஞ்சியது. தஞ்சை வயல்கள் வாழ்வதும் அதே நீரால் அன்றோ? ஆதலின் தாழ்ந்த அணைக்கே இசைவு கிடைத்தது. 1911இல் பணி தொடங்கியபோது, விசுவேசுவரய்யாவோ உயர்ந்த அணையைத் தாங்கவல்ல அகன்ற அடித்தளத்தையே இடச்செய்தார். மைசூருக்கு அது தொலைநோக்கு, சென்னைக்கோ அத்துமீறல். பூசல் 1924ஆம் ஆண்டு உடன்படிக்கை வரை நீண்டது.

சிமெண்டுக்கு மாற்றாக, சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிக் காரையால் கருங்கற்கள் பிணைக்கப்பட்டன. 1912இல் திவானான அவர் 1918இல் பதவி விலகினார். அணை முற்றுப்பெற்றது அதன் பின்னரே. இன்று அங்குச் செல்வோர் பெரும்பாலும் பூங்காவின் வண்ணவிளக்குகளைக் கண்டு திரும்புகின்றனர். இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட அச்சுவரன்றோ காணத்தக்கது!

1955இல் பாரத ரத்னா பெற்ற அவர், நூறாண்டு கடந்து வாழ்ந்து 1962இல் மறைந்தார்.

பழைய கண்ணம்பாடி ஊர் நீருள் மூழ்கியது; மக்கள் மேட்டுநிலத்திற்குப் பெயர்ந்தனர். நீர் மிக வற்றிய ஆண்டுகளில், அவர்கள் விட்டுச்சென்ற வேணுகோபாலசாமி கோயில் வெளியே தெரிந்ததுண்டு.