கரண்ட் கம்பி எட்டாத இடத்தில் எடிசன்

எடிசனைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க்குழுவில் இருக்கும் என் வகுப்பு நண்பன் சிரித்தான். பல்பு கண்டுபிடிச்ச ஆளுதானே, அஞ்சாங்கிளாஸ்லயே படிச்சாச்சேடா என்றான். நானும் போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை அந்த மனிதர் பக்கம் திருப்பிவிட்டது ஒரு செத்துப்போன எமர்ஜென்சி லைட்!

என் அப்பா ஆடு மேய்ப்பவர். ராத்திரியில் மலையடிவாரத்துப் பட்டியில்தான் படுக்கை. அங்கே லைன் கிடையாது. நாய், நரி வந்தால் அடித்துப் பார்க்க ஒரு சார்ஜ் லைட் மட்டும்தான். காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் போட்டு, சாயங்காலம் எடுத்துக்கொண்டு போவார். வாங்கி ஆறு மாசத்தில் அது அரை மணி நேரம்கூட எரியவில்லை. நீ கரண்டுக்குத்தானே படிக்கிறே சாமி, இது ஏன் செத்துப்போச்சு என்று அப்பா கேட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் நூலகத்தில் பேட்டரி பற்றிய புத்தகங்களைத் தேடினேன். திரும்பத் திரும்ப எதிரில் வந்து நின்றவர் எடிசன்!

தாமஸ் ஆல்வா எடிசன் 1847 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மிலன் என்ற சிற்றூரில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது சில மாதங்களே. அம்மா நான்சிதான் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். 12 வயதில் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்றார். காது சரியாகக் கேட்காது. பிறகு தந்தி அடிக்கும் வேலை. இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. தெரியாத ஒன்று சொல்கிறேன். 1867-ல் லூயிவில் நகரத் தந்தி ஆபீஸில் நைட் டியூட்டியில் இருந்தபோது பேட்டரியை நோண்டிக்கொண்டிருந்தார். கந்தக அமிலம் தரையில் கொட்டி, பலகை இடுக்கு வழியாக இறங்கி, கீழ் மாடியில் இருந்த அதிகாரியின் மேஜை மேலேயே ஒழுகிவிட்டது. மறுநாள் காலையில் வேலை போச்சு! நம் லேபில் பீக்கரைக் கவிழ்த்துவிட்டு முழிக்கும் நண்பர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

1879 அக்டோபரில் மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தில் கார்பன் இழை பல்பு எரிந்தது. 1882 செப்டம்பர் 4-ல் நியூயார்க் பேர்ல் ஸ்ட்ரீட் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. முதலில் எரிந்தவை சுமார் 400 விளக்குகள். அவருடைய டி.சி. சப்ளை ஏறக்குறைய ஒரு மைல் தூரம்தான் ஒழுங்காகப் போகும். அதைத் தாண்டினால் வோல்டேஜ் டிராப் தின்றுவிடும். அந்த ஒரு மைலுக்கு வெளியே இருந்தவன் கதி? மண்ணெண்ணெய் விளக்குதான்.

பேட்டரியில் கரண்டைச் சேர்த்து வைத்து எரிக்கலாமே என்று அன்றே பலர் சொன்னார்கள். பிரான்சின் பிளாண்டே 1859-லேயே ஈய-அமில பேட்டரியைச் செய்துவிட்டார். ஆனால் எடிசனுக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. பேட்டரி என்பது ஷேர் விற்று ஜனங்களை ஏமாற்றுகிறவர்களின் கருவி என்கிற மாதிரி 1883-ல் பத்திரிகைக்காரரிடமே திட்டித் தீர்த்தார். வெளிச்சம் கம்பி வழியாகத்தான் வர வேண்டும் என்பது அவர் கட்சி.

அதே ஆள் 1899-ல், 52-ஆவது வயதில், பேட்டரி செய்ய உட்கார்ந்தார்! அதற்குள் ஏ.சி. ஜெயித்துவிட்டது. இரும்புத் தாது பிரிக்கும் தொழிலில் சொந்தப் பணம் பெருமளவு கரைந்திருந்தது. அப்போது அவர் மனதில் இருந்தது விளக்கு அல்ல, மின்சாரக் கார். குதிரை வண்டிக்குப் பதில் பேட்டரி வண்டி ஓடும் என்று நம்பினார். ஈய-அமில பேட்டரியோ எடை அதிகம், ஆயுள் குறைவு.

அப்பா கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்த இடமும் இதுதான். அப்பா லைட்டில் இருந்தது 4 வோல்ட் சின்ன ஈய-அமில பேட்டரி. அதை முழுக்க இறங்கும் வரை எரித்து, சில நாள் சார்ஜ் போடாமலும் விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். அப்புறம் சார்ஜ் ஏறாது. விடியும் வரை பட்டியில் வெளிச்சம் வேண்டுமென்றால் முழுக்கத்தான் எரிக்க வேண்டும். அப்பா மேல் தப்பே இல்லை!

எடிசன் ஈயத்தையும் அமிலத்தையும் ரெண்டையுமே தூக்கி எறிந்தார். பாசிட்டிவ் பக்கம் நிக்கல், நெகட்டிவ் பக்கம் இரும்பு, நடுவில் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசல். செல்லுக்கு 1.2 வோல்ட். சுவீடனின் யுங்னர் என்பவரும் அதே காலத்தில் இதே வழியில் வந்து நிக்கல்-காட்மியம் பேட்டரியைக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் காப்புரிமைச் சண்டை நடந்தது. எடிசன் பெயர் மட்டும் நிலைத்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

முதல் பேட்டரி விற்பனைக்கு வந்தது, வண்டிகளிலும் ஓடியது. ஆனால் 1904-ல் புகார் மேல் புகார். செல்கள் ஒழுகின. கொஞ்ச நாளில் கொள்ளளவு இறங்கியது. இங்கேதான் எடிசன் என் மனதில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தொழிற்சாலையை நிறுத்தினார். கெட்டுப்போன பேட்டரிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மறுபடி லேபுக்குள் போனவர் வெளியே வந்தது 1909-ல்! ஐந்து வருஷம், நண்பர்களே! நாம் ஒரு பேப்பர் அரியர் விழுந்தாலே ஒரு செமஸ்டர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறோம்.

கோளாறு கிராஃபைட்டில் இருந்தது. நிக்கல் ஹைட்ராக்ஸைடில் கரண்ட் சரியாகப் பாயாது என்பதால் அதில் கிராஃபைட் தூள் கலந்திருந்தார். அது நாளாக ஆக அரித்துப் போய்த் தொடர்பு விட்டுப்போனது. அதற்குப் பதிலாக மெல்லிய நிக்கல் செதில் போட முடிவு செய்தார். அந்தச் செதிலைச் செய்த விதம் அழகு. செம்பு ஒரு பூச்சு, நிக்கல் ஒரு பூச்சு என்று மாறி மாறி முலாம் பூசி, செம்பை மட்டும் கரைத்துவிட்டால் காற்றில் பறக்கும் நிக்கல் இதழ்கள் மிஞ்சும். பென்சில் கனமுள்ள துளையிட்ட எஃகுக் குழாயில் அந்த இதழையும் நிக்கல் ஹைட்ராக்ஸைடையும் 300-க்கும் மேற்பட்ட அடுக்குகளாக இடித்து நிரப்பினார்கள். கரைசலில் கொஞ்சம் லித்தியம் ஹைட்ராக்ஸைடும் சேர்த்தார். ஆயுள் கூடியது.

இந்த பேட்டரியை முழுக்க இறக்கலாம், அதிகமாக சார்ஜ் போடலாம், மாசக்கணக்கில் சும்மா போட்டும் வைக்கலாம். சாகாது! ஆனால் கார்? எடிசனின் நெருங்கிய நண்பர் ஹென்றி ஃபோர்டே 1912 வாக்கில் தன் மாடல்-டி காருக்கு இதைக் கொண்டுவர முயன்றும் நடக்கவில்லை. உள் மின்தடை அதிகம் என்பதால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வேண்டிய கரண்டை ஒரே வீச்சில் கொடுக்க முடியாது. குளிரில் இன்னும் மோசம். பெட்ரோல் கார் முந்திக்கொண்டது. எதற்காகப் பத்து வருஷம் உழைத்தாரோ அதில் தோல்வி!

ஜெயித்தது வெளிச்சத்தில். அன்றைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி தொப்பியில் எண்ணெய் விளக்கோ கார்பைடு விளக்கோ மாட்டிக்கொண்டு இறங்குவார். எரியும் சுடர்! சுரங்கத்தில் மீத்தேன். 1907 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் மோனாங்கா சுரங்க வெடிப்பில் மட்டும் இறந்தவர்கள் 362 பேர். எடிசன் தன் பேட்டரியை இடுப்பு பெல்ட்டில் கட்டி, அதிலிருந்து ஒயர் இழுத்து, தொப்பியில் சின்ன டங்ஸ்டன் பல்பு வைத்தார். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் விளக்கு அறையில் சார்ஜுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். இதற்காக அமெரிக்கப் பாதுகாப்பு அருங்காட்சியகம் அவருக்கு ராத்தனாவ் பதக்கம் கொடுத்தது. பல்பைவிட இதுதான் பெரிய வேலை என்பேன். நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை.

1912-ல் இன்னொன்றும் செய்து காட்டினார். ஊர் லைனே இல்லாத வீட்டுக்கு ஒரு பெட்ரோல் இன்ஜின், ஒரு டைனமோ, ஒரு வரிசை நிக்கல்-இரும்பு செல்கள். பகலில் சார்ஜ், ராத்திரி வெளிச்சம். இன்ஜினை எடுத்துவிட்டு சோலார் பேனலை வைத்தால் இன்றைக்கு மலைக்கிராமங்களில் நாம் பார்க்கும் அதே அமைப்பு!

எல்லாம் நல்லதாகவே முடியவில்லை. 1916 ஜனவரி 15 அன்று புரூக்ளின் கப்பல் தளத்தில், அவர் பேட்டரி பொருத்தியிருந்த இ-2 நீர்மூழ்கிக் கப்பலில் ஹைட்ரஜன் சேர்ந்து வெடித்தது. மாலுமிகள் இறந்தார்கள். காற்றோட்டம் போதவில்லை என்று எடிசன் தரப்பு வாதாடியது. கடற்படை அந்த பேட்டரியைத் தொடவில்லை. சார்ஜ் போடும்போது ஜன்னலைத் திறந்து வை என்று லேபில் நம்மைக் கத்துவது சும்மா இல்லை.

எடிசன் 1931 அக்டோபர் 18 அன்று வெஸ்ட் ஆரஞ்சு வீட்டில் காலமானார். அந்த வருஷத்திலும் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்பதுக்குக் கரண்ட் கம்பி போய்ச் சேரவில்லை. அவர் பேட்டரிக் கம்பெனி கைமாறி, 1975-ல் உற்பத்தி நின்றது. பழைய செல்கள் சில கழுவிப் புதுக் கரைசல் ஊற்றியதும் மறுபடி வேலை செய்திருக்கின்றன.

போன மாசம் லீவில் பட்டியில் உட்கார்ந்து இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். அந்த பேட்டரியை இந்த லைட்டுக்குள்ள போட முடியுமா சாமி என்றார். எடையும் விலையும் ஜாஸ்தி, அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், சும்மா வைத்தாலே சார்ஜும் இறங்கிக்கொண்டே போகும் என்றேன். அப்போ இதையே சாகாம பாத்துக்கறதுக்கு வழி சொல்லு என்றார். பழசை எடுத்துவிட்டுப் புது பேட்டரி போட்டேன். மங்கினதும் அணைக்கணும், விடிஞ்சதும் சார்ஜ் என்று ஸ்கெட்ச் பேனாவால் லைட் மேல் எழுதி ஒட்டினேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தங்கச்சி தினமும் வாசித்துச் சொல்கிறாள். எட்டு மாசம் தாங்குதா பார்ப்போம்!