எதிரொலியைத் தேடிய மருத்துவர்

திரிங்காப் மலைச்சரிவில் நின்று உரக்கக் கூவினால், எதிர்மலை அக்குரலைத் திருப்பித் தரும். குரல் திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு மலையின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். இந்த எளிய உண்மையைக் கொண்டு மனித உடலுக்குள் பார்க்க முனைந்தவர் மருத்துவர் இயன் டொனால்டு.

1910-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையில் பணியாற்றினார். ரேடார், சோனார் கருவிகள் அப்போது அவருக்கு அறிமுகமாயின. கடலுக்கடியில் மறைந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலை ஒலியலை காட்டிக்கொடுக்குமானால், வயிற்றில் மறைந்திருக்கும் கட்டியைக் காட்டாதா? 1954-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியரான பின்பும் இக்கேள்வி அவரை விடவில்லை.

1955 ஜூலையில், அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்றார். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இறைச்சித் துண்டையும் எடுத்துச் சென்றார். உலோகத்தில் மறைந்துள்ள விரிசலைக் கண்டறியும் கருவி அங்கே இருந்தது. அதைக் கொண்டு சோதித்தபோது, நீர்க்கட்டி ஒரு வகையாகவும் தசைக்கட்டி வேறு வகையாகவும் எதிரொலித்தன. பின்னர், டாம் பிரவுன் என்னும் இளம் பொறியாளரும் ஜான் மெக்விகார் என்னும் மருத்துவரும் அவருடன் இணைந்தனர்.

கையால் தொட்டு அறிவதே போதும் என்று கருதியவர்கள் அவரைக் கேலி செய்தனர். அந்நிலையில், வயிறு பெரிதாக வீங்கிய பெண்மணி ஒருவரைச் சோதிக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. அவருக்கு வந்திருப்பது இரைப்பைப் புற்றுநோய், அறுவைச் சிகிச்சையாலும் பயனில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். கருவியோ வேறு செய்தி சொன்னது. ஒலியலை தடையின்றி உள்ளே சென்று, கட்டியின் பின்சுவரில் பட்டுத் திரும்பியது. அப்படியானால் உள்ளே இருப்பது நீர்! கருப்பையின் அருகிலுள்ள சினைப்பையில் வளர்ந்திருந்த அந்தப் பெரிய நீர்க்கட்டி அகற்றப்பட்டது. அப்பெண்மணி பிழைத்துக்கொண்டார்.

நூறு நோயாளிகளைச் சோதித்த அனுபவத்தை மூவரும் 1958-இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டனர். அதன்பின் கேலி அடங்கத் தொடங்கியது. கருவில் வளரும் குழந்தையின் தலையையும் டொனால்டின் குழுவினர் அளந்து காட்டினர்.

பின்னாளில் இக்கருவி மேலும் கூர்மையடைந்தது. சிறுநீரகத்தில் தோன்றும் கட்டி சில வேளைகளில், இதயத்திற்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் பெருஞ்சிரைக்குள்ளேயே நீண்டு வளர்ந்துவிடும். அரிதான அந்த வளர்ச்சியையும் இன்று உடலைக் கிழிக்காமலே கேளா ஒலியால் காண முடிகிறது.

பிறர் உடலை ஆராய்ந்த டொனால்டு, தாமே இதய நோயாளி. மூன்று முறை இதய அறுவைச் சிகிச்சைக்கு உள்ளான பின்னும் தொடர்ந்து உழைத்த அவர், 1987-இல் மறைந்தார்.