பின்னற்பொறி கண்ட பாதிரியார்

கனடா தேசத்திற் குடியேறிய என் பழைய மாணவி ஒருத்தி, சென்ற மார்கழியில் எனக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருந்தாள். பனிக்காலத்தில் வெளியே செல்லுதல் அரிதாகையால், வீட்டிலே மேசைமீது பொருத்திய சிறு பின்னற்பொறி ஒன்றினால் தானே அதனை ஆக்கியதாக எழுதியிருந்தாள். வெப்பம் மிக்க நம் ஊரில் அதனை அணியுங் காலம் ஏது? ஆயினும், அச்சட்டையின் கண்களை எண்ணி எண்ணி வியந்தேன். ஓர் ஊசிக்கு ஒரு கண். பொறியின் ஓர் இயக்கத்திற்கு ஒரு வரி. இவ்வமைப்பினை முதன்முதற் கண்டவர் யாவர் என ஆராயப் புகுந்தேன். அவர் நெசவாளரும் அல்லர், கருமானும் அல்லர். நான்கு நூற்றாண்டுகட்கு முன்னர் இங்கிலாந்தின் சிற்றூரொன்றில் ஆலயப் பணி புரிந்த பாதிரியார். வில்லியம் லீ என்பது அவர் பெயர்.

நெசவு வேறு, பின்னல் வேறு. நெசவுக்கு நெடுக்கே பாவும் குறுக்கே ஊடையும் வேண்டும். பின்னலோ ஒரே நூலைக் கண்ணுக்குள் கண்ணாகக் கோத்துச் செல்வது. ஆதலின் பின்னிய துணி இழுத்தால் நீளும், விட்டாற் சுருங்கும். உடலோடு ஒட்டி நின்று சூட்டைக் காக்கும். சங்கச் சான்றோர் கலிங்கம் என்றும் அறுவை என்றும் போற்றிய ஆடைகள் நெய்தவை. பின்னல் என்னுஞ் சொல்லை நாம் கூந்தலுக்கும் வலைக்கும் பாய்க்குமே பெரிதும் வழங்கி வந்தோம். குளிர்நாட்டார்க்கோ பின்னற்றுணி இன்றியமையாதது. முதலாம் எலிசபெத்து அரசியார் காலத்து இங்கிலாந்தில், நம்மூரார் மேசு என வழங்கும் காலுறையைக் கைவிரலாற் பின்னி விற்றல் எளிய குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பாயிருந்தது.

லீ 1563ஆம் ஆண்டளவில் நொட்டிங்கம் நகரையடுத்த பகுதியிற் பிறந்தவர். கேம்பிறிட்ச் பல்கலைக்கழகத்திற் கற்றுத் தேறியவர். கல்வேட்டன் என்னுஞ் சிற்றூரிற் குருத்துவப் பணி ஏற்றவர். அவர் பொறியமைக்க முனைந்ததற்குக் காரணமாக இரு கதைகள் வழங்குகின்றன. அவர் காதலித்த மங்கை, அவர் வந்து பேசும்பொழுதெல்லாம் பின்னலினின்றுங் கண்ணெடுத்தாளில்லை என்பது ஒன்று. குறைந்த வருவாயில் இல்லறம் நடத்த, அவர் மனைவியார் இரவும் பகலும் பின்னி உழைத்தார் என்பது மற்றொன்று. இரண்டும் செவிவழிச் செய்திகளே. என் மனம் இரண்டாவதையே நாடுகின்றது. எஃது எவ்வாறாயினும், ஓயாது இயங்கும் விரல்களை நெடுநேரம் உற்று நோக்கிய ஒருவரே அப்பொறியை அமைத்திருத்தல் கூடும்.

கைப்பின்னலில் ஒரு கண் முடிந்த பின்னரே மறுகண் தொடங்கும். லீ இம்முறையை மாற்றினார். வரியிலுள்ள ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வோர் ஊசியாக ஊசிகளை நிரைநிரையாய் நிறுத்தினார். ஒவ்வோர் ஊசியின் நுனியும் பின்வளைந்து மீளும் தன்மையுள்ள கொக்கியாய் அமைந்தது. நூலை ஊசிகளின்மேற் குறுக்கே இட்டவுடன், மெல்லிய தகடுகள் இறங்கி அதனை ஊசிகளினிடையே வளையங்களாக அமுக்கும். பின்னர் ஒரு சட்டம் அழுத்திக் கொக்கிகளின் வாயை மூடும். மூடிய கொக்கியின் மேலாகப் பழைய கண்கள் வழுவி விழ, புதிய வரி முழுதும் ஒருங்கே பிறக்கும். கையுங் காலும் ஒருங்கு தொழிற்பட்டு இயக்கும் இப்பொறி 1589ஆம் ஆண்டில் உருவாயிற்று. நீராவி இயந்திரம் தோன்றுவதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் முன்னர், பொறியியற் பயிற்சி இல்லாத ஒருவர் இதனைக் கண்டனரென்றால், அவர் நுண்ணறிவினை என்னென்பது!

லீ தம் பொறியை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். ஹன்ஸ்டன் பிரபுவின் துணையால் அரசியாரின் ஆதரவை நாடினார். அரசியாரோ தனியுரிமை வழங்க இசைந்தாரில்லை. பொறி பெருகினாற் கையாற் பின்னும் ஏழைக் குடிகள் பிழைப்பிழந்து இரந்துண்ண நேருமே என அவர் அஞ்சினாரென்று வழிவழியாகக் கூறுவர். கம்பளிக் காலுறை பரும்படியாயிருந்தமையும் அவர் மனத்திற்கு ஒவ்வவில்லை என்பர். லீ சோர்ந்தாரல்லர். அங்குலத்துக்கு எட்டாயிருந்த ஊசிகளை இருபதாக நெருக்கி, 1598ஆம் ஆண்டளவிற் பட்டுக் காலுறையும் பின்னிக் காட்டினார். அப்பொழுதும் உரிமை கிட்டவில்லை. 1600இல் அவரோடு கூட்டுச் சேர்ந்த ஜோர்ஜ் புறூக் என்பார், 1603இல் அரசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பெற்று மரணதண்டனைக்கு உள்ளானார். அரசியாருக்குப்பின் முடிசூடிய முதலாம் ஜேம்சு மன்னரும் கைவிட்டார்.

தாய்நாடு ஏற்காத பொறியை ஏற்கப் பிரான்சு நாட்டு மன்னர் நான்காம் ஹென்றி முன்வந்தார். தம்பி ஜேம்சையும் தொழிலாளர் சிலரையும் உடன்கொண்டு கடல்கடந்த லீ, றூவான் நகரிற் பொறிகளை நிறுவினார். அந்தோ! 1610இல் ஹென்றி மன்னர் கொலையுண்டார். ஆதரவும் அவரோடு அகன்றது. 1614ஆம் ஆண்டளவில் லீ பாரிசு நகரிலே வறுமையுற்று இறந்தார்.

அவர் தோல்வியிலேயே கண்மூடினார், பொறியோ மூடவில்லை. தம்பி ஜேம்சு பொறிகளோடு இங்கிலாந்துக்கு மீண்டார். லீயிடம் தொழில் பயின்ற அஸ்டன் என்னும் மாவரைப்போர் ஒருவர் அக்கலையை ஊரிலே காத்து வைத்திருந்தார். அவ்விருவர் முயற்சியால் தொழில் தழைத்தது. 1657இற் பின்னற்பொறியாளர் சங்கம் அரசுப் பட்டயம் பெற்றது. சிற்றூர்களில் வீட்டுக்கு வீடு பொறி நின்றது. ஒளி வேண்டி அகன்ற சாளரம் அமைத்து, அதனருகே ஆடவர் பொறியியக்க, மகளிர் விளிம்பு தைக்க, சிறுவர் நூல் சுற்றினர். 1844இல் பிரித்தானியாவில் இருந்த பொறிகள் 48,000க்கு மேற்பட்டன.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. எலிசபெத்து அரசியார் செய்தது சரியா? மாணவரிடத்து இதனைக் கேட்டால், அறிவை அடக்கிய கொடுமை என்று ஒருசாராரும், ஏழைகளுக்கு இரங்கிய தாய்மை என்று மறுசாராரும் வாதிடுவர். நானும் நெடுநாள் முன்னவர் பக்கமே நின்றேன். பின்வந்த வரலாற்றைப் படித்த பின்னர் அத்துணை உறுதியோடு பேச இயலவில்லை. பொறி உடையவர் ஒருவர், உழைப்பவர் வேறொருவர் என்றாயிற்று. தம் வீட்டில் நின்ற பொறிக்கே தொழிலாளர் வாரந்தோறும் வாடகை இறுத்தனர், கூலியோ தேய்ந்தது. 1811இல் நொட்டிங்கம் பகுதித் தொழிலாளர் இரவிற் புகுந்து பொறிகளை உடைத்தனர். மறுவருடம் பொறியுடைத்தோர்க்கு மரணதண்டனை விதிக்கச் சட்டம் வந்தது; பிரபுக்கள் சபையில் அதனை எதிர்த்துப் பேசியவர்களுள் ஒருவர் கவிஞர் பைரன்.

அரசியார் அஞ்சிய வறுமை வந்தே தீர்ந்தது. ஆனால் அவர் அஞ்சிய வழியில் வரவில்லை. பொறி பல்லாயிரவர்க்குத் தொழில் தந்தது. பொறியின் உரிமையே அவர்களை வாட்டியது. எனவே அவர் இரக்கத்தைக் குறைகூற என் நா எழவில்லை. லீயைக் குறைகூறவும் எழவில்லை. விரல்களின் வருத்தத்தைத் தணிக்கவே அவர் பொறி கண்டார். அதன் பயன் யாரைச் சேர்தல் வேண்டும் என்பதனை வகுத்தல் பொறி கண்டவரின் கடன் மட்டும் அன்று. அது நாடாள்வோர் கடனுமாம்.

நாம் நாடோறும் அணியும் பெனியன் துணியும் லீயின் பொறி வழிவந்த பின்னலே. ஆதலின் கம்பளி வேண்டாத நாமும் அப்பாதிரியாருக்குக் கடன்பட்டவர்களே. என் மாணவியின் வீட்டுப் பொறி அவளுக்கே உரியது. அதற்கு அவள் வாடகை இறுப்பதில்லை. ஆக்கிய சட்டையை அன்பினால் ஈந்தாள். வில்லியம் லீ காண விரும்பியிருக்கக்கூடிய காட்சி இதுவாகலாம் என எண்ணி, அச்சட்டையை மடித்து என் நூல்களினிடையே பேணி வைத்திருக்கின்றேன்.