கைவினைக்கு விலை கண்ட அம்மையார்

அசல் கைத்தறிச் சேலையும் கைப்பணிப் பொருளும் வாங்க விழைந்து டில்லி மாநகர் செல்வோர், மத்திய குடிசைக் கைத்தொழில் விற்பனைக்கூடத்தை நாடுவர். அக்கூடத்தின் வளர்ச்சிக்குப் பின்னே நின்ற பெண்மணி கமலாதேவி சட்டோபாத்யாயா.

1903இல் மங்களூரிற் பிறந்த அம்மையார், இளம் பருவத்திலேயே கைம்மை எய்தினார். ஊரார் பழிக்கு அஞ்சாது கவிஞர் ஹரீந்திரநாத்தை மணந்தார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது பம்பாய்ப் பங்குச் சந்தையினுள்ளே புகுந்து உப்புப் பொட்டலங்களை விற்றார். மறு ஆண்டு யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் மாநாட்டிற்கு வருகை தந்தார்.

பாரதம் விடுதலை பெற்றபின், ஆலைப் பொருள்களின் பெருக்கால் நலிந்த கைவினைஞர்பால் அவர் உள்ளம் சென்றது. 1952இல் அகில இந்தியக் கைப்பணி வாரியத்தின் தலைமையை ஏற்றார். கண்ணப்பர் கண்ணீந்த காளத்தியிலே, அருகி வந்த கலம்காரிக் கலைக்கு 1957இல் அவ்வாரியம் பயிற்சி நிலையம் அமைத்தது. மூங்கிற் குச்சியால் வரைந்து செடிகொடிச் சாயமேற்றும் அக்கலை மீண்டும் தழைத்தது.

ஆயினும், கலைஞன் கற்றால் மட்டும் போதுமா? வாங்குவோர் வேண்டாவா? அம்மையார் வழிநடத்திய இந்தியக் கூட்டுறவு ஒன்றியம் டில்லி விற்பனைக்கூடத்தின் நிருவாகத்தை ஏற்று, குக்கிராமத்துத் தறிக்கும் தலைநகரத்துச் சந்தைக்கும் பாலம் அமைத்தது. கைவினைஞன் இரந்து நில்லாது, தன் பொருளை விற்று வாழ வழி பிறந்தது.

1966இல் மக்சேசே விருது பெற்ற அம்மையார், 1988இல் மறைந்தார். கைத்தறித் துணியை விரித்துப் பேரம் பேசுமுன், அதனை நெய்த கையை ஒருகணம் நினைப்போமாயின், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.