தந்தையைக் கொன்ற வேந்தன்: இராசகிருகத்து அஜாதசத்துரு

மகத நாட்டின் பண்டைத் தலைநகராகிய இராசகிருகம், ஐந்து மலைகள் அரண் செய்ய அவற்றின் நடுவே அமைந்திருந்த பெருநகரம். இன்று பீகார் மாநிலத்தில் ராஜ்கீர் என வழங்கும் அவ்வூரில், பெருங்கற்களை அடுக்கி எழுப்பிய பழைய மதிலின் சிதைவுகளை இன்னும் காணலாம். அந்நகர் புண்ணியரையும் கண்டது, பாதகரையும் கண்டது. இவ்விரு கூறும் ஒருங்கே பொருந்தியவன் அஜாதசத்துரு.

இவன் தந்தை பிம்பிசாரன். 15 வயதில் முடிசூடி 52 ஆண்டுகள் ஆண்டான் என்று மகாவம்சம் கூறும். பகவான் புத்தரைச் சரணடைந்து, சங்கத்திற்கு மூங்கில் வனத்தைத் தானமளித்த முதற்பெரும் உபாசகன் இவனே.

சங்கத்தின் தலைமையைக் கைப்பற்ற எண்ணிய தேவதத்தன், இளவரசனை அணுகித் தந்தையைக் கொன்று நாட்டைக் கொள்ளுமாறு தூண்டினான். தொடையில் குத்துவாளைக் கட்டிக்கொண்டு அரண்மனையுள் நுழைந்த இளவரசன் அமைச்சரிடம் அகப்பட்டான். செய்தியறிந்த பிம்பிசாரன் மகனைத் தண்டித்தானில்லை. அரசையே அவனிடம் ஒப்புவித்தான். ஆயினும் மகன் மனம் ஆறவில்லை. தந்தையைச் சூட்டறையில் அடைத்துப் பட்டினியிட்டான். அன்னை கோசலதேவி ஆடையிலும் கூந்தலிலும் உணவை மறைத்துச் சென்று ஊட்டினாள். பின்னர் அதுவும் தடுக்கப்பட்டது. முடிவில் நாவிதனைக் கொண்டு உள்ளங்கால்களை அறுத்து உப்பிட்டனர். அந்த வேதனையிலேயே கிழவேந்தன் மாண்டான்.

அதே நாளில் அஜாதசத்துருவிற்கு ஆண் மகவு பிறந்தது என்று உரையாசிரியர் உரைப்பர். பிள்ளைப் பாசம் நெஞ்சில் ஊறியதும், தன் தந்தையும் தன்னை இவ்வாறே நேசித்திருப்பான் என்று உணர்ந்து, சிறையைத் திறக்க ஆணையிட்டான். அதற்குள் மரணச் செய்தி வந்துவிட்டது. அன்று முதல் அவனுக்கு உறக்கமில்லை.

அக்காலத்து ஆசிரியர் அறுவரையும் அவன் நாடினான். அவருள் பூரண காசியபர், கொலை செய்தாலும் பாவமில்லை என்று போதித்தார். கொலை செய்தவனுக்கு இதனினும் இனிய போதனை வேறுண்டோ? எனினும் அது அவனுக்கு ஆறுதல் தரவில்லை என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும். பாவத்தை இல்லையென்று சொல்லிவிட்டால் மனச்சான்று உறங்கிவிடாது.

ஒரு கார்த்திகைப் பௌர்ணமி இரவில், மருத்துவன் ஜீவகன் அவனை மாந்தோப்பிற்கு அழைத்துச் சென்றான். 1250 பிக்ஷுக்கள் அமர்ந்திருந்தும் ஓர் இருமல் ஒலியும் எழாதது கண்டு, இது பகைவர் சூழ்ச்சியோ என்று மன்னன் நடுங்கினான். உள்ளே சென்று அந்த அமைதியைக் கண்டபின், தன் மகன் உதயபத்தனுக்கும் இத்தகைய அமைதி வாய்க்கவேண்டும் என விரும்பினான்.

நெசவாளர், குயவர், சமையற்காரர் முதலியோர் தம் தொழிலால் கண்கூடான பயன் அடைகின்றனர். துறவுக்கு அத்தகைய பயன் யாது என்று மன்னன் வினவினான். அரசனுடைய அடிமையொருவன் துறவு பூண்டால், அவனை மீண்டும் அடிமையாக்குவாயா என்று பகவான் கேட்டார். இல்லை, நானே எழுந்து அவனை வணங்குவேன் என்றான் மன்னன். பிறப்பினால் வந்த தாழ்வு தம்மத்தின் முன் நில்லாது என்பதை ஒரு பேரரசனின் வாயாலேயே பகவான் சொல்லச் செய்தார்.

அன்றிரவு மன்னன் தன் குற்றத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு திரிசரணம் பெற்றான். பகவான் அதனை ஏற்றார். எனினும் அவன் சென்றபின், தந்தையைக் கொல்லாதிருந்தால் அவ்விடத்திலேயே அவனுக்குத் தம்மக்கண் திறந்திருக்கும் என்று பிக்ஷுக்களுக்கு உரைத்தார். தம்மம் கதவை அடைப்பதுமில்லை, கணக்கை அழிப்பதுமில்லை.

பகவான் பரிநிர்வாணம் எய்தியபின், அவருடைய அஸ்தியில் ஒரு பங்கு பெற்று இராசகிருகத்தில் தூபி எழுப்பினான். மகாகாசியபர் தலைமையில் 500 அரகத்துக்கள் கூடிய முதற் சங்காயனத்திற்கு ஆதரவளித்தவனும் அவனே. இன்று நாம் ஓதும் தம்மம் அழியாது நின்றதில் அக்கொலைஞனுக்கும் பங்குண்டு. ஆயினும் அவன் அமைதி வேண்டி நின்ற அந்த உதயபத்தனே பின்னர் அவனைக் கொன்றான் என்று மகாவம்சம் கூறுகிறது.

அன்பர்களே! தீயோர் சொற்கேட்டுப் பெற்றோரைப் பகைக்கும் இளைஞர் இவ்வரலாற்றை எண்ணுக. பிழை செய்து மனம் வெதும்புவோரும் எண்ணுக: காலம் தாழ்ந்தேனும் மாந்தோப்பிற்குச் சென்றவன் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஆனால், தாழாமல் செல்வதே நன்று.