ஹாட்டி மக்டேனியல் அம்மையார்

நாடகம் முடிந்து திரை விழுந்ததும் மாலையும் பாராட்டும் கதாநாயகனுக்கும் கதாநாயகிக்குமே சேருகின்றன. பணிப்பெண்ணாகத் தட்டேந்தி வந்தவரின் பெயரைக் கேட்போர் மிகச் சிலரே. அத்தகைய வேடங்களையே பெரும்பாலும் பூண்டு, உலகப் புகழெய்திய ஹாலிவுட் நடிகை ஒருவரின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கட்கு எடுத்துரைப்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் 1893-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் ஹாட்டி மக்டேனியல் பிறந்தார். பதின்மூன்று மக்களில் இவரே கடைக்குட்டி. தந்தையார் அடிமையாக வாழ்ந்து, உள்நாட்டுப் போரில் வடவர் படையில் நின்று போரிட்டவர். அன்னையார் கிறிஸ்தவப் பக்திப் பாடல்களைப் பாடுவதில் வல்லவர். வறுமை மிகுந்த அக்குடும்பத்தில் செல்வமாக விளங்கியது இசை ஒன்றே. டென்வர் நகரில் கல்வி பயின்ற ஹாட்டி, தமையனாரின் நாடகக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சென்று ஆடினார், பாடினார், நகைச்சுவை நடிப்பிலும் தேர்ந்தார். பின்னர் டென்வர் வானொலியிலும் அவர் குரல் ஒலித்தது.

1929-இல் அமெரிக்காவைப் பொருளாதார நெருக்கடி பற்றிக்கொண்டது. நாடகக் குழுக்கள் கலைந்தன. மில்வாக்கி நகரத்து இரவு விடுதி ஒன்றில் கழிப்பறைப் பணியாளராக இருக்கும் வேலையே அவருக்குக் கிட்டியது. அதனையும் அவர் இழிவெனக் கருதவில்லை. ஓர் இரவு அங்கே பாடும் வாய்ப்புக் கிடைத்தது. கேட்டோர் வியந்தனர். அன்று முதல் அவ்விடுதியின் மேடை அவருடையதாயிற்று.

1931-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்ற அம்மையார், படங்களில் சிறு வேடங்கள் கிடைக்கும் வரை பிறர் வீடுகளில் வேலை செய்து வயிறு வளர்த்தார். 1934-இல் ஜட்ஜ் பிரீஸ்ட், 1935-இல் ஆலிஸ் ஆடம்ஸ், 1936-இல் ஷோ போட் என ஒவ்வொரு படமாக அவர் பெயர் பரவலாயிற்று. 1939-இல் வெளிவந்த கான் வித் த விண்ட் படத்தில் மாமி என்னும் பணிப்பெண்ணாகத் தோன்றினார். எஜமானியின் மகளைக் கண்டித்துத் திருத்தும் துணிவும், துயரம் வந்துற்றபோது உருகும் நெஞ்சமும் கொண்ட அப்பாத்திரம், அவர் நடிப்பால் உயிர் பெற்றது.

ஆயினும் அட்லாண்டா நகரில் அப்படத்தின் முதற்காட்சி நிகழ்ந்தபோது, நிறவேற்றுமைச் சட்டங்களின் காரணமாக அவர் அங்குச் செல்ல இயலவில்லை. 1940 பிப்ரவரி 29-ஆம் நாள் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. கறுப்பினத்தவர் எவரும் அதற்குமுன் ஆஸ்கார் பெற்றதில்லை. விழா நடந்த ஓட்டலிலோ கறுப்பினத்தவர்க்கு இடமில்லை. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் முயன்று அனுமதி பெற்றார். எனினும் உடன் நடித்தோரின் மேசையில் அவருக்கு இடமளிக்கவில்லை. சுவரோரம் இடப்பட்ட தனி மேசையில் அமர்ந்திருந்து, பெயர் அழைக்கப்பெற்றதும் எழுந்து சென்று பரிசேற்றார். நன்றி கூறுகையில் அவர் கண்கள் கலங்கின.

அதன் பின்னரும் அவரை நாடி வந்தவை பணிப்பெண் வேடங்களே. அவ்வேடங்கள் தம் இனத்தைத் தாழ்த்துகின்றன என்று கறுப்பினத் தலைவர்கள் சிலர் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமற் போகவில்லை. எனினும் கிடைத்த வேடத்தை மறுத்தால் கிடைக்கக்கூடிய வேறு வேடம் அன்று அவருக்கு ஏது? உழைத்து உண்பதில் இழிவில்லை என்பதே அவர் கொள்கை.

திரையில் பணிந்து நின்ற அவர், வாழ்வில் பணியவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஷுகர் ஹில் என்னும் பகுதியில் அவர் வீடு வாங்கியபோது, வெள்ளையரல்லாதார் அங்குக் குடியிருக்கலாகாது என்று அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்தனர். அம்மையார் கறுப்பின அண்டையர்களையும் திரட்டி எதிர்த்து நின்றார். 1945-இல் நீதிபதி அவ்வழக்கைத் தள்ளினார். மூன்றாண்டுகள் கழித்து, வேறொரு வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இத்தகைய தடைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாதெனத் தீர்ப்பளித்தது. 1947-இல் பியூலா என்னும் வானொலித் தொடரில் தலைமைப் பாத்திரமேற்று, வானொலித் தொடரொன்றின் நாயகியான முதற் கறுப்பினப் பெண்மணி என்னும் சிறப்பையும் எய்தினார்.

1952 அக்டோபர் 26-ஆம் நாள் புற்றுநோயால் அவர் காலமானார். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற வேண்டும் என்பது அவரது இறுதி விருப்பம். நிறத்தின் பேரால் அதுவும் மறுக்கப்பட்டது. ரோஸ்டேல் கல்லறையில் அவர் உடல் அடக்கமாயிற்று. 1999-இல்தான் ஹாலிவுட் தோட்டத்தில் அவருக்கு நினைவுக்கல் எழும்பியது. 2006-இல் அமெரிக்க அஞ்சல்தலையில் அவர் முகம் இடம்பெற்றது. ஹவார்டு பல்கலைக்கழகத்திற்கு அவர் எழுதிவைத்த ஆஸ்கார் பரிசு காணாமற்போயிற்று. 2023-இல் புதியதொன்று அப்பல்கலைக்கழகத்திற்கு அளிக்கப்பெற்றது.

வாழ்ந்த நாளில் மறுக்கப்பட்ட இடங்கள், மறைந்து பல்லாண்டுகள் கழித்தே அவருக்குக் கிட்டின. மனிதரின் பெருமையை உரிய காலத்தில் உணர்வதே நாகரிகமாகும். நமது ஆண்டு விழா மேடையில் ஒரே ஒரு காட்சியில் தட்டேந்தி வந்து செல்லும் பிள்ளைக்கும் நெஞ்சாரக் கைதட்டுவோமாக!