காற்றைக் காருக்குப் பாரமாக்கிய புறூஸ் மக்லாரன்

ரெலிவிஷனில் கார் ஓட்டப் போட்டி பார்க்கிற எங்கட பிள்ளையளுக்கு மக்லாரன் என்றால் அது ஒரு கார். அது ஒரு மனிதரின் பெயர் என்பது கனபேருக்குத் தெரியாது. தான் செய்த காருக்குள்ளேயே 32 வயதில் செத்துப்போன ஒரு நியூசிலாந்துக்காரர் அவர்.

புறூஸ் மக்லாரன் 1937 ஓகஸ்ட் 30ஆம் திகதி ஒக்லன்ட் நகரில் பிறந்தார். தகப்பனுக்கு அங்கே றெமுவேறா என்ற இடத்தில் ஒரு பெற்றோல் செட்டும் கராஜும் இருந்தன. ஒன்பது வயதில் பெடியனுக்கு இடுப்பு எலும்பில் பேர்தஸ் என்கிற நோய் வந்தது. ஓடி விளையாடுகிற வயதில் இரண்டு வருஷமளவு ஒரு சட்டத்தில் கட்டுண்டு படுத்தே கிடந்தார். எழும்பி நடந்தபோது இடது கால் கட்டையாகிப் போச்சு. சாகுமட்டும் கெந்திக் கெந்தித்தான் நடந்தார்.

திருத்தி விற்கலாமென்று தகப்பன் ஒரு பழைய ஒஸ்ரின் 7 காரை வாங்கினார். எங்கட ஊரில் வாடகைக்கு ஓடிய ஏ 40 காரைச் செய்த அதே ஒஸ்ரின் கம்பனிதான். மகன் அதை விற்க விடவில்லை. பதினைந்து வயதளவில் அந்தக் காரிலேயே மலையேற்றப் போட்டிக்கு இறங்கினார். 1958இல் நியூசிலாந்துக்காரர் தங்கட நாட்டு இளம் சாரதி ஒருவரை ஐரோப்பாவுக்கு அனுப்பும் திட்டம் தொடங்கியபோது முதலில் வந்தவர் இவர்தான். அடுத்த வருஷம் டிசம்பரில் அமெரிக்காவின் செப்ரிங்கில், முன்னுக்கு ஓடிய ஜக் பிரபாமுக்குக் கடைசிச் சுற்றில் பெற்றோல் முடிந்துவிட, புறூஸ் வென்றார். வயது 22ம் 104 நாளும். இண்டியானாபொலிஸ் போட்டியை விட்டுப் பார்த்தால், அவ்வளவு இளவயதில் கிராண்ட் பிறீ வென்றவர் 2003 மட்டும் வேறு எவரும் இல்லை.

வென்ற கதைகளை மட்டும் எழுதினால் இந்த மலர் காணாது. 1963இல் சொந்தக் கம்பனி தொடங்கினார். 1966இல் கிறிஸ் ஏமனோடு சேர்ந்து போர்ட் காரில் லு மான் 24 மணி நேரப் போட்டியை வென்றார். 1968இல் பெல்ஜியத்தில் தன் பெயர் போட்ட காரிலேயே கிராண்ட் பிறீ வென்றார். எனக்கு அவரைப் பிடித்தது வேறு விஷயத்துக்காக. அவர் ஓடிக்கொண்டே யோசிக்கிற மனிதர்.

ஒருநாள் சோதனை ஓட்டத்தில் பெற்றோல் வாய்க்கு மேலே இருந்த சின்ன மூடி படபடவென்று அடித்தது. வேகம் கூடக் கூட மூடி இன்னும் பலமாக அடித்தது. சரியாகப் பூட்டவில்லையே என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தார். காற்று மேலிருந்து அமத்தினால் மூடி படிந்துதானே கிடக்க வேணும்? அப்படியானால் மேலே இருப்பதைவிடக் கீழே காற்றின் அழுத்தம் கூட. காரை நிறுத்தி, தகரம் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து, ரேடியேற்றருக்குப் பின்னால் மேல்தகட்டை வெட்டித் திறந்தார். உள்ளே அடைபட்ட காற்று வெளியேற, கார் முந்தியதைவிட வேகமாகச் சுற்றியது.

பனிக்காலத்தில் பின்சில்லு இழுக்கிற வான் ஓட்டின ஆக்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பின்னுக்கு இரண்டு மண்மூட்டை போட்டால்தான் ரயர் ரோட்டைப் பிடிக்கும். ஆனால் வளைவில் அதே மூட்டை காரை வெளியே தள்ளவும் பார்க்கும். காற்றாலே அமத்தினால் மூட்டையின் நன்மை மட்டும் கிடைக்கும், பாரம் கிடையாது. அதிலும் வேகம் இரண்டு மடங்கானால் அமத்தம் நாலு மடங்கு. பின்பக்கம் ஒரு செட்டையைத் தலைகீழாகப் பூட்டுவது இதுக்காகத்தான்.

ஆனால் செட்டையை எங்கே பூட்டுகிறது என்பதில்தான் சூட்சுமம். கார் உடம்பில் பூட்டினால் அமத்தம் முதலில் ஸ்பிறிங்கில் இறங்கும். பின்பக்கம் குந்தி மூக்கு கிளம்பும். முன்சில்லுக்குப் பிடி குறையும். அதைத் தடுக்க ஸ்பிறிங்கை இறுக்கினால் மேடுபள்ளத்தில் ரயர் துள்ளும். 1969இல் மக்லாரனின் எம்8பி காரில் செட்டையை உயரமான கால்களில் நிறுத்தி, அந்தக் கால்களை நேரே பின்சில்லைத் தாங்கும் பாகத்திலேயே ஊன்றினார்கள். அமத்தம் ஸ்பிறிங்கைத் தொடாமல் நேரே ரயருக்குப் போனது. ஸ்பிறிங்கை மெதுவாகவே வைத்திருக்கலாம். பப்பாசிப்பழ நிறத்து அந்தக் கார்கள் அந்த வருஷம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த கான்-ஆம் போட்டிகள் 11ஐயும் வென்றன. புறூஸ் ஆறு, அவரது கூட்டாளி டெனி ஹல்ம் ஐந்து.

அதே வருஷம் பார்சலோனாவில் இரண்டு கிராண்ட் பிறீ கார்களின் உயரச் செட்டைகள் முறிந்து பெரிய விபத்துகள் நடந்தன. கிராண்ட் பிறீயில் உடனேயும், கான்-ஆமில் 1970க்கும் அவை தடைசெய்யப்பட்டன. தடையில் நியாயம் இருந்தது. ஆனால் இனிச் செட்டை கார் உடம்போடுதான் இருக்கவேணும். புதிய எம்8டி காரின் பின்மூடியில் இரண்டு துடுப்புகள் எழுப்பி, அவற்றுக்கு நடுவே செட்டையைப் பதித்தார்கள். பின்சில்லின் பிடி முழுக்க அந்த ஒரு மூடி கழறாமல் இருப்பதில் தங்கியது. இது என் எண்ணம், பொறியியல் படித்த ஆக்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

1970 ஜூன் 2ஆம் திகதி இங்கிலாந்தின் குட்வூட் ஓடுபாதையில் புறூஸ் அந்தக் காரைச் சோதித்துக்கொண்டிருந்தார். நேர்ப்பாதையில் முழுவேகத்தில் போகேக்க பின்மூடி கழன்று பறந்தது. செட்டையும் அதோடே போச்சு. பின்பக்கம் பிடி இழந்து கார் சுழன்று, ஓரத்தில் இருந்த காவல் மேடையில் மோதியது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. மனைவியும் நாலு வயது மகளும் மிஞ்சினார்கள்.

மறுநாள் வேலைக்கு வரவேண்டாமென்று சொல்லியும் தொழிற்சாலைக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, ஜூன் 14இல், கனடாவின் மொஸ்போர்ட்டில் பருவத்தின் முதல் போட்டி. மே மாதம் இண்டியானாபொலிசில் கை எரிந்து புண் ஆறாமலே டெனி ஹல்ம் ஓடினார். புறூஸின் இடத்தில் அமெரிக்கர் டான் கேர்னி ஏறினார். காரின் பின்னால் அதே துடுப்புகள், அதே செட்டை. கேர்னி முதலாவதாக வந்தார்.